பம்ப்பைக் கழற்றும் முன்

டீசல் வண்டி மேட்டில் திணறினால், கேட்காமலே நாலு பேர் வந்து "பம்ப் போயிருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். டீக்கடையில் நிற்பவர் சொல்வார், லோடு ஏற்றுபவர் சொல்வார், பக்கத்து வண்டி டிரைவர் சத்தியமே செய்வார். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு டீசல் பம்ப் என்றால் இன்றும் மைக்கோ பம்ப்தான். 1951-இல் தொடங்கிய அந்தப் பெங்களூர்க் கம்பெனி 2008-இல் போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும், எதற்கெடுத்தாலும் பம்ப்பின் மேல் பழி போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் பார்க்கும் வீடு எங்களுடையது. வாசலில் ஒரு பிக்கப் நிற்கும். மலைக்கு ஏறும்போது உரமும் மளிகையும் போகும், இறங்கும்போது கேரட்டும் பூண்டும் வரும். அப்படிப்பட்ட வீட்டில் டீசல் போகும் பாதை எல்லோருக்கும் மனப்பாடம். டேங்கின் அடியில் ஒரு வலை, அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக ஓடும் குழாய், கையால் அமுக்கும் பிரைமர், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், காமன் ரெயில், நான்கு இன்ஜெக்டர்கள். எரிந்தது போக மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் டிரைவர் காலுக்குத் தெரிவது ஒன்றுதான்: மிதித்தால் இழுவை இல்லை.

அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் சைலன்சரைப் பார்ப்பார். இழுவை போய்க் கரும்புகை கக்கினால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை. ஏர் ஃபில்டரையோ டர்போ ஹோஸையோ பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் பட்டினி. செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போயும் எரியவில்லை. ஒரு புகையும் வராவிட்டால் டீசல் உள்ளேயே போகவில்லை. காசு செலவில்லாத சோதனை இது.

எங்கள் வண்டிக்கு வந்தது புகையில்லாத சோர்வு. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறத் தொடங்கியதும் லோடு வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து, ஏதாவது ஒரு வளைவில் நின்றுவிடும். நகரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0087 என்று வந்தது. ரெயிலில் பிரஷர் குறைவு என்று அர்த்தம். உடனே பம்ப் மாற்றச் சொன்னார்கள், இன்ஜெக்டரையும் சேர்த்து மாற்றினால் நல்லது என்றார்கள். லட்சத்தைத் தொடும் கணக்கு.

ஊருக்குத் திரும்பி, நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக்கிடம் காட்டினோம்.

"நின்னப்புறம் எவ்வளவு நேரத்துல எடுக்குது தம்பி?"

"ஒரு டீ குடிச்சுட்டு வந்தா போதும்ணே. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறும். அப்புறம் மேல போய் மறுபடி நிக்கும்."

"காலையில, இல்ல இன்ஜின் சூட்டுல, செல்ஃப் நிறைய இழுக்குதா?"

"இல்லண்ணே. ஒரே செல்ஃப்."

"அப்ப பம்ப்பைக் கடைசியாப் பாப்போம். தேஞ்ச பம்ப் டீ குடிக்கிற நேரத்துல குணமாகாது."

அவர் கேட்டதில் கணக்கு இருந்தது. ஸ்டார்ட் ஆகவே ரெயிலில் சுமார் 200 பார் பிரஷர் வேண்டும். தேய்ந்த பம்ப்பும், ரிட்டர்னில் அதிகம் ஒழுகவிடும் இன்ஜெக்டரும் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முதலில் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே இருந்த ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டினார். குமிழி வருகிறதா என்று பார்க்கத்தான். உறிஞ்சும் பக்கத்தில் கிளிப் தளர்ந்தாலோ வாஷர் தேய்ந்தாலோ டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும்; ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல. தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, வண்டியும் ஓடாது. எங்கள் வண்டியில் குமிழி இல்லை.

அடுத்தது கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேனைக் கேபினுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபில்டருக்கு முன்பே கழற்றி, கேனிலிருந்து ஹோஸ் கொடுத்தார். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பினார். அதே லோடு, அதே மலை. வண்டி ஒரு வளைவிலும் தயங்கவில்லை. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் மூன்றுக்கும் அந்த ஒரே ஓட்டத்தில் விடுதலை கிடைத்தது. குற்றவாளி பின்னால் இருந்தான்.

டேங்கை இறக்கினோம். அடியில் கரிய சேறு. வலைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்தில், கேன் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஃபாயில் சீல் ஒன்று. எந்தக் கேனிலிருந்து விழுந்ததோ! மேட்டில் இன்ஜின் அதிகம் இழுக்கும்போது அது வலையில் போய் அப்பிக்கொள்ளும். அணைத்ததும் உறிஞ்சல் நின்று, கழன்று கீழே விழும். டீ குடித்தால் வண்டி குணமான ரகசியம் அதுதான்.

இதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. 1,600 பார் வரை ஏற்றும் பம்ப், டேங்கிலிருந்து டீசலைப் பெறுவதற்கு நம்பியிருப்பது வெறும் காற்றழுத்தத்தை. டேங்குக்குள் தனி மோட்டார் இல்லாத இப்படிப்பட்ட வண்டிகளில், பம்ப் உறிஞ்சி ஒரு வெற்றிடத்தை உண்டாக்க, வெளிக்காற்று டீசலைத் தள்ளிக் கொடுக்கிறது. அந்தத் தள்ளல் கடல் மட்டத்திலேயே 1 பார்தான். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் 0.8 பாருக்குப் பக்கம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் அதுவும் குறையும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் சந்தேகமே வேண்டாம்.

பம்ப் கெடாது என்று சொல்ல வரவில்லை. அதன் உள்பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், மசகு எண்ணெயாக இருப்பதும் டீசலேதான். தண்ணீர் கலந்தால் துருப்பிடிக்கும், பட்டினி போட்டால் தேயும். தேய்ந்த இரும்புப்பொடி ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விட்டால், பம்ப்பை மட்டும் மாற்றுவது வீண். அந்த ஃபாயில் டேங்கில் கிடக்கும்போதே புதுப் பம்ப் மாட்டியிருந்தால் அதையும் பட்டினி போட்டே கொன்றிருக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது டீசல் லைனுக்கும் பொருந்தும். ஸ்கேனர் அம்பைக் காட்டும். எய்தவனை நாம்தான் தேட வேண்டும்.

பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் சோடை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அந்த வேலை கூடவே கூடாது. ரெயிலின் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போல் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும்.

பம்ப் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். கேனில் டீசல் வைத்து லோடோடு ஓட்டிப் பார்க்கட்டும். பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே தண்ணீரோ மினுங்கும் இரும்புப்பொடியோ இருக்கிறதா என்று உங்கள் கண்முன் காட்டட்டும். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் நான்கு பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிடட்டும். மூன்றும் பம்ப்பையே கைகாட்டினால் தாராளமாக மாற்றுங்கள். இவ்வளவுக்கும் ஒரு நாள் போதும். மாட்டி ஓட்டிய பம்ப்பை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.