மழையில் நனைந்த விளையாட்டுப் பெட்டி

"விளையாட்டைப் போய் யாராவது வேலை என்பார்களா?" என்று ஒரு நாள் என் மகன் மீது சீறி விழுந்தேன். பெரியவனானதும் வீடியோ கேம் தயாரிக்கப் போவதாகப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையாண்டான் பிரகடனம் செய்திருந்தான். பதில் பேசாமல் எழுந்து போனான். அன்றிரவு சாப்பிடவுமில்லை.

பத்திரிகைக்காரியாயிற்றே! சண்டை போடுவதற்காவது விஷயம் தெரிய வேண்டாமா? படிக்க உட்கார்ந்தேன். வாசகிகளே, அப்போது அகப்பட்டதுதான் இந்தக் கதை.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீடியோ கேம் கம்பெனிகளுக்கென்று பெரிய பொருட்காட்சி எதுவும் கிடையாது. டெலிவிஷன் வகையறாக்கள் கடை பரப்பும் மின்னணுப் பொருட்காட்சியில் ஓர் ஒதுக்குப்புறம்தான் கிடைக்கும். ஒரு வருஷம் சேகா கம்பெனியைக் கூடாரத்தில் தள்ளிவிட்டார்களாம். கொட்டிய மழை உள்ளே ஒழுகி, புத்தம் புதிய பெட்டிகளை நனைத்துவிட்டது. தலைவர் டாம் கலின்ஸ்கேக்கு வந்ததே கோபம்! இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார்.

1993-இல் இன்னோர் இடி. விளையாட்டுகளில் வன்முறை மிஞ்சிவிட்டதென்று அமெரிக்க செனட் சபையில் விசாரணை நடந்தது. என் போன்ற தாய்மாரின் கவலைதான் அங்கே ஒலித்தது. அதுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த கம்பெனிகள் 1994-இல் சேர்ந்து சங்கம் அமைத்தன. வயதுக்கேற்ற தர முத்திரையும் வந்தது. சங்கத்தின் ஆதரவில், 1995 மே 11-ந் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'இ3' பொருட்காட்சி திறந்தது.

அங்கே நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். செப்டம்பரில் வரவேண்டிய 'சாட்டர்ன்' பெட்டி இப்போதே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று அறிவித்தார் கலின்ஸ்கே. பிறகு சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். "299" என்றார். இறங்கிவிட்டார்! 'பிளேஸ்டேஷன்' விலை அது. ஒரே கரகோஷம்! போதாக்குறைக்கு, அவசரத்தில் சரக்குக் கிடைக்காத கடைக்காரர்கள் சேகாவின் மேல் கோபித்துக்கொண்டார்கள். கூடாரத்தில் நனைந்தவருக்குச் சொந்த வீடு கிடைத்தது. அடியும் அந்த வீட்டிலேயே விழுந்தது!

அந்த வீடும் நிலைக்கவில்லை. கம்பெனிகள் இணையத்திலேயே நேராக அறிவிக்கப் பழகிவிட, 2023 டிசம்பரில் இ3-க்கு மூடுவிழா நடந்தது.

படித்து முடித்தபோது மணி பன்னிரண்டு. என் பிள்ளையை நானும் ஒழுகும் கூடாரத்தில்தானே நிறுத்தினேன் என்று சுருக்கென்றது.

காலையில் தோசை வார்த்துக்கொண்டே கதையைச் சொன்னேன். "அந்த 299 எனக்கு முன்னாலேயே தெரியுமே, அம்மா!" என்றான்.

தெரிந்திருக்கட்டும். இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டானே, அது போதும்!