வீட்டுத் தரகு

வீட்டை விற்கிறவர்களுக்கெல்லாம் கிரயம் முடிகிற தினத்தில் ஒரு சந்தேகம் தோன்றுகிறது. "இந்த மனுஷர் இதற்கு அப்படி என்ன செய்துவிட்டார்?" என்பதே அந்தச் சந்தேகம். மனுஷர் என்று இங்கே குறிப்பிடப்படுகிறவர் தரகர். அவர் அஸ்திவாரம் தோண்டினவர் அல்ல. செங்கல் சுமந்தவர் அல்ல. வீட்டுக் கடனுக்கு இருபது வருஷம் வட்டி கட்டினவரும் அல்ல. வாங்குகிறவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். பத்துத் தடவை டெலிபோனில் பேசினார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் நின்றார். இதற்கு லட்சக்கணக்கிலா கூலி?

பழைய வீட்டை விற்றுக் கொடுப்பதற்கு இவ்வளவுதான் தரகு என்று நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக விதித்த சட்டம் கிடையாது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், பதிவு செய்த புதுக் கட்டடத் திட்டங்களில் விற்பனை செய்யும் ஏஜெண்டுகளைத்தான் பதிவு செய்துகொள்ளச் சொல்லுகிறது. தாத்தா காலத்து ஓட்டு வீட்டைக் கைமாற்றிக் கொடுப்பவர் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். ஆகவே வழக்கமே சட்டம். நூற்றுக்கு ஒன்று என்பார்கள், இரண்டு என்பார்கள். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் பெறுவதும் சர்வ சாதாரணம். தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர் சர்க்காருக்கு முத்திரைத் தீர்வை முதலியவற்றுக்காக நூற்றுக்கு 7-ம், பதிவுக் கட்டணமாக 2-ம் செலுத்துகிறார். அதைப் பற்றி முணுமுணுப்பவர் உண்டு. பேரம் பேசுபவர் இல்லை. பேரம் முழுவதும் தரகருக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

கும்பகோணத்தில் நம் தகப்பனார் கட்டிய வீட்டை 2024-ஆம் வருஷத்தில் விற்க நேர்ந்தது. தாயார் காலமான பிறகு அதில் வசிப்பதற்கு யாரும் இல்லை. உடன்பிறந்தோர் நால்வரில் ஒருவர் சென்னை, ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் பம்பாய், இளைய சகோதரி அமெரிக்காவில் நியூஜெர்ஸி. வீட்டுக்கு எண்பது லட்சம் வரலாம் என்று உத்தேசம். தரகருக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் ஒரு லட்சத்து அறுபதினாயிரம். கோயம்புத்தூரிலிருக்கும் தமக்கையாரால் இதைத் தாங்க முடியவில்லை.

"அப்பா கட்டின வீடு. பத்திரம் நம்முடையது. நடுவிலே நின்று ஒண்ணரை லட்சத்தைத் தூக்கிக்கொண்டு போக அவர் யார், தம்பி? அந்தப் பணத்தில் நம் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு ஒரு வருஷத்துக் காலேஜ் சம்பளம் கட்டிவிடலாமே!"

தமக்கையாரின் கட்டளைப்படி முதலில் நாமே விற்பது என்று தீர்மானமாயிற்று. 'வீடு விற்பனைக்கு, தரகர்கள் வேண்டாம்' என்று வாசலில் பலகை தொங்கவிட்டோம். இன்டர்நெட்டிலும் படங்களுடன் விளம்பரம் செய்தோம். பத்து நாளில் நாற்பது பேர் கூப்பிட்டார்கள். அவர்களில் முப்பது பேருக்குக் குறையாமல் தரகர்கள்! பாக்கி இருந்தவர்களில் ஒருவர் நம் தகப்பனாரின் பழைய சிநேகிதருடைய புதல்வர். குடும்பத்தோடு வந்தார், கிணற்றைப் பார்த்தார், கொல்லை மாமரத்தைப் புகழ்ந்தார், காபி சாப்பிட்டார். "விலை?" என்ற பேச்சு வந்ததும் அவர், "நீங்கள் சொல்லுங்கள்" என்றார். நாம், "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றோம். இப்படியே இரண்டு மணி நேரம் பரஸ்பர மரியாதையில் கழிந்தது. அப்புறம் அவர் வரவேயில்லை.

மாட்டுத் தாவணிக்குப் போய் வந்த நேயர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தரகர் தம் கையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, துண்டுக்குள்ளே விற்பவர் விரலைப் பிடிப்பார். பிறகு வாங்குபவர் விரலைப் பிடிப்பார். வாயால் ஒரு வார்த்தை வராது. முகங்கள் கல்லாயிருக்கும். விலை மட்டும் ஏறியும் இறங்கியும் ஓரிடத்தில் வந்து நிற்கும். எவ்வளவு கேட்டோம், எவ்வளவுக்கு இறங்கினோம் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. ஆகையால் யாருக்கும் மானம் போவதில்லை. மாட்டுக்கே இந்தத் திரை வேண்டியிருக்கிறதென்றால், தகப்பனார் கட்டிய வீட்டுக்கு வேண்டாமா?

கடைசியில் தரகர் ஒருவரை அமர்த்தினோம். அவர் வந்து கால் மணி நேரத்தில் வீட்டின் குறைகளை நம் முகத்துக்கு நேரே சொன்னார். சமையலறை மேற்கூரையில் கசிவு; கார் நுழையாத சந்து; எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கிறது! நியூஜெர்ஸி சகோதரி அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட்டாக வேண்டும் என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். வில்லங்கச் சான்றிதழையும் பட்டாவையும் இக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். பத்திரங்களைச் சோதித்து அபிப்பிராயம் சொல்ல வக்கீல் இருக்கிறார். அவருக்குத் தனிக் கட்டணம். ஆகவே தஸ்தாவேஜு வேலைக்காக மட்டும் தரகருக்கு நூற்றுக்கு இரண்டு கொடுப்பது அதிகம் என்றே இன்னமும் நினைக்கிறோம்.

ஆனால் அவரிடம் வேறொரு சரக்கு இருந்தது. அந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் கடந்த மூன்று வருஷங்களில் எந்த வீடு உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்பது அவருக்கு மனப்பாடம். இது எந்தச் சர்க்கார் புஸ்தகத்திலும் கிடையாது. பத்திரத்தில் எழுதிய தொகை வில்லங்கச் சான்றிதழில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது பல சமயங்களில் சர்க்காரின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதியது; கைமாறின தொகை வேறு. தீர்வையை மிச்சப்படுத்தவும் வருமானவரிக்குத் தப்பவும் ஊரே சேர்ந்து விலையை மறைக்கிறது. மறைத்த விலை தரகரின் தலைக்குள்ளே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அதைத் தெரிந்துகொள்ள அவருக்கே பணம் கொடுக்கிறோம். தரகுக் கூலியில் ஒரு பாதியாவது, பத்திரத்தில் பொய் எழுதுவதற்காக நம் ஜனங்கள் கட்டும் அபராதம் என்று சொன்னால் மிகையாகாது.

அமெரிக்காவில் இதற்கு மாறான ஓர் அநுபவம் உண்டு. அங்கே வெகுகாலம் நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று தரகு நடந்து வந்தது. 2023 அக்டோபரில் மிஸ்ஸௌரி மாகாணத்து ஜூரி ஒன்று இந்த ஏற்பாட்டுக்கு விரோதமாகச் சுமார் 180 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. பிறகு தரகர் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்டு மாதத்திலிருந்து விதிகள் மாறின. அதற்கெல்லாம் முன்பே, 2009-இல், விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரத்து விற்பனைகளை ஆராய்ந்து மூன்று பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். சொற்பக் கட்டணத்தில் தாமே விளம்பரம் செய்து விற்றவர்களுக்கு, ஏஜெண்டு மூலம் விற்றவர்களைவிட விலை குறையவில்லை என்று கண்டார்கள். நாள் மட்டும் அதிகமாயிற்று. விற்க முடியாமல் பிறகு ஏஜெண்டிடம் போனவர்களும் உண்டு. தமக்கையாருக்கு இதைப் படித்துக் காட்டினால் துள்ளிக் குதிப்பார். ஆனால் அந்த ஊரில் எந்த வீடு என்ன விலைக்குப் போயிற்று என்பது பகிரங்கமான சமாசாரம். கும்பகோணத்தில் அது ரகசியம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முழு விலையையும் பத்திரத்தில் எழுத வேண்டும், பணம் முழுவதும் பாங்கி மூலமே வர வேண்டும் என்று நாம் தரகரிடம் நிபந்தனை போட்டிருந்தோம். இதைக் கேட்டவுடன் வந்தவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். நின்றவர்களில் ஒருவர் எழுபத்தாறு லட்சம் கேட்டார். தரகர் பரபரத்தார். "வீடு தேடி வருகிற லக்ஷ்மியைத் திருப்பி அனுப்பாதீர்கள், ஐயா. இன்றைக்கே அட்வான்ஸ் வாங்கிவிடுவோம்" என்றார்.

இந்த இடத்தில் நேயர்கள் காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தாறுக்கும் எண்பதுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு நாலு லட்சம். தரகருக்கோ, நூற்றுக்கு இரண்டு வீதம், எண்ணாயிரம் ரூபாய். அந்த எண்ணாயிரத்துக்காக அவர் இன்னும் இரண்டு மாதம் அலைய வேண்டும்; பெட்ரோல் போட வேண்டும்; நடுவில் வேறொருவர் மூலம் வீடு போய்விட்டால் கையிலிருக்கும் ஒரு லட்சத்து ஐம்பத்தீராயிரமும் போய்விடும். அவருடைய ஸ்தானத்தில் நாம் இருந்தாலும் லக்ஷ்மியைப் பற்றித்தான் பேசுவோம். அவரிடம் வஞ்சகம் இல்லை. கூலி வைத்த விதம் அவரை அப்படிப் பேசச் செய்கிறது. சிகாகோவைச் சுற்றி விற்ற சுமார் ஒரு லட்சம் வீடுகளின் கணக்கைப் பார்த்து, லெவிட், ஸைவர்ஸன் என்ற இரு அறிஞர்கள் 2008-இல் எழுதியிருப்பதும் இதுவே. ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஒன்பது பத்து நாள் அதிகமாகக் காத்திருக்கிறார்கள். மற்றவர் வீட்டைவிட நூற்றுக்கு 3.7 வீதம் அதிக விலை பெறுகிறார்கள்.

ஆகவே தரகரை உட்கார வைத்து ஒரு யோசனை சொன்னோம். எழுபத்தைந்து லட்சம் வரை நூற்றுக்கு ஒன்று. அதற்கு மேல் வரும் தொகையில் மட்டும் நூற்றுக்குப் பத்து. அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார். "பதினைந்து" என்றார். சரி என்றோம். எழுபத்தாறுக்கு விற்றால் அவருக்குத் தொண்ணூறாயிரம். எண்பதுக்கு விற்றால் ஒன்றரை லட்சம். வாங்குகிறவரிடம் என்ன பெறுகிறார் என்பதையும் நம்மிடம் சொல்ல வேண்டும், நம் கூலி பதிவு முடிந்த அன்றுதான், செக்காகத்தான் என்றும் பேசிக்கொண்டோம். மறுநாள் முதல் லக்ஷ்மியின் பேச்சு நின்றது. கூரைக் கசிவை அடைக்கக் கொத்தனாரை அவரே அழைத்துக்கொண்டு வந்தார்!

இதே மாதிரி தோன்றும் இன்னொரு ஏற்பாட்டைப் பற்றி எச்சரிக்கை செய்ய வேண்டும். "உங்களுக்கு இத்தனை வந்தால் போதுமல்லவா? மேலே வருவதெல்லாம் என்னுடையது" என்று சில தரகர்கள் சொல்வார்கள். அதில் உண்மை விலை விற்பவருக்குத் தெரியாமலே போகிறது. மேற்படித் தொகை பத்திரத்துக்கு வெளியேதான் கைமாறும். அதற்குத் தோதாகத் தரகர் பேருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படியும் சொல்வார்கள். அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

ஆறு வாரத்தில் வீடு எண்பத்தொரு லட்சத்துக்கு விலை போயிற்று. வாங்கினவர் உள்ளூர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர் தம்பதிகள். பாங்கிக் கடன் வாங்கியவர்கள். ஆகையால் முழு விலை எழுதுவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எழுபத்தாறுக்கு அன்றே கொடுத்திருந்தால் வந்திருக்கக் கூடியதைவிட, தரகு போக, நால்வருக்கும் ஆளுக்கு ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல் அதிகம். தரகுக்கு ரசீது வாங்கிக்கொண்டோம். மூலதன லாபத்துக்கு வருமானவரி கணக்கிடும்போது அதை விற்பனைச் செலவாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ரசீது வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு இந்தச் சலுகையை இழப்பவர்கள் பலர்.

கணக்கை எழுதித் தமக்கையாருக்கு அனுப்பினோம். அன்று மாலையே டெலிபோன் வந்தது. தரகருக்குச் சேர்ந்தது ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம். எண்பத்தொரு லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் ஒரு லட்சத்து அறுபத்தீராயிரம்தானே, மூவாயிரம் எதற்கு அதிகம் கொடுத்தாய் என்று கேட்டார். ஆளுக்கு எழுநூற்றைம்பது ரூபாய் ஆகிறது என்றும் சொன்னார். பதில் எழுதியிருக்கிறோம்.