ஐந்து வெட்டு, ஐந்து தையல்!

தோழர்களே! 'மருத்துவச்சி' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருத்துவம் பார்ப்பவள் என்பது அதன் பொருள். மாண்புமிக்க சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு உரியவள் எந்த வாயில் வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள்? கொல்லைப்புற வாயில் வழியாக!

என் பாட்டி மருத்துவச்சி. நாவிதர் குலத்தில் பிறந்தவர். ஆடவர் மழிக்க வேண்டும், பெண்டிர் பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும் என்று ஊர் அந்தக் குலத்துக்கு வகுத்து வைத்திருந்த காலம் அது. கூலி, அறுவடையின்போது அளந்து போடும் நெல். அத்துடன் ஒரு பழம்புடவை. நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள். "ஆயா, பனிக்குடம் உடைஞ்சு போச்சு, ஓடி வா" என்பார்கள். பிள்ளையின் தலை வெளிப்படும் வரையில் பாட்டியின் கை பொன்னான கை. பிள்ளை வீறிட்டு அழுததோ இல்லையோ, அதே கை தீட்டுக் கை! அவர் உட்கார்ந்த இடத்தைச் சாணம் கரைத்துத் தெளிப்பார்கள். அவர் ஏந்தி எடுத்த பிள்ளை வளர்ந்து, மீசை முளைத்து, தெருவில் அவரைக் கண்டால், "ஏ, கிழவி!" என்று அழைப்பான். இதற்குப் பெயர் ஊர்க்கட்டு, ஒழுங்கு, மரபு!

அந்தப் பாட்டியின் பேத்தி நான், மூன்றாண்டு செவிலியர் பயிற்சியும் மகப்பேற்றுப் பயிற்சியும் பெற்றேன். வெள்ளுடை அணிந்து, முன்வாயில் வழியாக மருத்துவமனைக்குள் நுழைந்தேன். பிறகு பல ஆண்டுகள் மாணவியர்க்குக் கற்பித்தேன், இன்றும் கற்பிக்கிறேன். சாதியும் சடங்கும் நுழையாத இடம் அறிவியல் கூடம் என்று நம்பி நுழைந்தவள் என்பதால், அங்கே கண்டதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கட்டடத்தைத் திட்டி என்ன பயன்?

பயிற்சி மாணவி ஒவ்வொருத்தியிடமும் ஒரு பதிவேடு கொடுக்கப்படும். இருபது இயல்பான பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். ஐந்து உள்பரிசோதனை. ஐந்து முறை பிறப்புவாயை வெட்டி, ஐந்து முறை தைத்திருக்க வேண்டும். எபிசியாட்டமி என்று அந்த வெட்டுக்குப் பெயர். எண்ணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை பழகாதவளிடம் ஓர் உயிரை, அன்று, இரண்டு உயிர்களை ஒப்படைக்க முடியுமா? பழகத்தான் வேண்டும். ஆனால் எவர் உடலில் பழகுவது? எவருடைய ஒப்புதலுடன்?

இலவச வார்டில் படுத்திருந்தாள் ஒரு பெண். தலைப்பிரசவம். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு மாணவிகள் அடுத்தடுத்து உள்பரிசோதனை செய்தார்கள். கருப்பைவாய் எத்தனை செண்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று நால்வரும் எழுதினார்கள்; அவள் பெயரை ஒருத்தியும் கேட்கவில்லை. அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். முகத்தை மட்டும்தான் மூட முடிந்தது. மற்றதெல்லாம் எங்கள் பாடப்புத்தகம் ஆகிவிட்டிருந்தது! பணம் கட்டிப் படுக்கும் பெண்மணிக்கு இப்படி நான்கு கை நீளுமா? நீளாது. எழுத்தில் இல்லாத சட்டம் அது. ஏழையின் உடல் பயிற்சிக்கு, செல்வரின் உடல் சிகிச்சைக்கு.

மூத்த செவிலியர் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். "உனக்கு இன்னும் இரண்டு வெட்டு பாக்கி இருக்கு" என்றார். "இந்த அம்மாவுக்கு இது தேவையா, சிஸ்டர்?" என்று கேட்டேன். "பரீட்சைக்குத் தேவை" என்றார். கத்தரிக்கோலைத் தட்டிலே வைத்துவிட்டு நின்றேன். தலை மெல்ல மெல்ல இறங்கியது, பிள்ளை பிறந்தது, வெட்டுமில்லை, பெரிய கிழிசலுமில்லை. என் பதிவேடு மட்டும் குறைபட்டது. மற்றவர்களுக்குக் கையெழுத்து ஆகி ஆறு வாரம் கழித்துத்தான் எனக்குக் கையெழுத்து கிடைத்தது. அந்த மூத்தவரைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே இரவில் பதினைந்து பிரசவம் பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஒரு தேநீருக்கும் வழியின்றி நின்றவர் அவர். அவருக்குக் கற்பித்தவர்களும் அப்படியே கற்பித்தார்கள்.

வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவதைப் பரிந்துரைக்க இயலாது என்று உலக நல்வாழ்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பேறுகாலப் பரிந்துரைகள் சொல்கின்றன. வழக்கமாக மழிப்பது வேண்டாம், எனிமா வேண்டாம் என்றும் சொல்கின்றன. எந்த நிலையில் இருந்து பெறுவது என்பதைத் தாயே தேர்ந்துகொள்ளட்டும் என்றும், அவள் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்கட்டும் என்றும் சொல்கின்றன. மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கிக் கட்டி, "முக்கு, முக்கு!" என்று அதட்டுகிறோமே, அதற்கு என்ன சான்று? மருத்துவருக்குப் பார்க்க வசதி என்பதைத் தவிர? சாத்திரத்தில் இருந்தால் மட்டும்தான் மூடவழக்கமா? கேள்வி கேட்காமல் செய்யப்படுகிறதென்றால் பாடத்திட்டத்தில் இருந்தாலும் அது மூடவழக்கம்தான்! என் பாட்டி விட்டத்திலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொல்லுவார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று குந்துவதற்கென்று நாற்காலி வாங்குகிறார்கள்.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "பார்த்தீர்களா? பழமையே பொன்! மருத்துவமனை எதற்கு, வீட்டிலேயே பெறுவோம்!" வேண்டாம், தோழர்களே, அந்த வலையிலும் விழ வேண்டாம். பாட்டி காலத்தில்தான் தொப்புள்கொடியில் சாம்பலும் சாணமும் அப்பினார்கள். ஏழாம் நாள், எட்டாம் நாள் பச்சைக் குழந்தை தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து மாண்டது. 'பேய் அறைந்தது' என்றார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, டெட்டனசு! தாய்க்கு ஊசி, கொதிக்க வைத்த கத்தரி, சுத்தமான கை ஆகியவை ஊர் ஊராகச் சென்ற பிறகு, தாய்க்கும் சேய்க்கும் வரும் அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் சான்று கிடைத்தது. பாட்டி இருந்திருந்தால் கைகொட்டி மகிழ்ந்திருப்பார். அவர் கையில் மாண்ட பிள்ளைகளை எண்ணி இரவெல்லாம் உறங்காதவர் அவர்.

கற்கும் கை கொல்லவும் கூடும் என்பதற்கு வியன்னா நகரத்துக் கதை ஒன்று உண்டு. மாணவியர்க்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன். அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பகுதிகள். முதல் பகுதியில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சி மாணவியர் பயின்றனர். 1846-இல் முதல் பகுதியில் தாய்மார் சாவு 100-க்கு 11.4, இரண்டாம் பகுதியில் 2.8. ஒரே கட்டடம், ஒரே ஊர், ஒரே ஏழைமை! ஏன் இந்த வேறுபாடு? காற்றில் நஞ்சு என்றனர் பேராசிரியர்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் எண்ணிப் பார்த்தார். மாணவர்கள் பிணவறையில் அறுத்துவிட்டு அதே கையோடு தாய்மாரைத் தொட்டார்கள். மருத்துவச்சி மாணவியர் பிணம் அறுப்பதில்லை. 1847 மே மாதத்தில் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18.3 ஆக இருந்த சாவு, சூனில் 2.2 ஆகக் குறைந்தது. பெருமக்கள் ஏற்றார்களா? பெரும்பாலோர் ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்காக இருக்குமா என்று சினந்தார்கள்!

ஆனால் அவருக்கு முன்பே அந்த உண்மையின் பாதியைக் கண்டவர்கள் இருந்தார்கள். யார்? வியன்னாவின் ஏழைத் தாய்மார்! முதல் பகுதியில் சேர்க்காதீர்கள், இரண்டாம் பகுதியில் சேருங்கள் என்று அவர்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். தெருவிலேயே பெற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களை அறியாமையில் உழல்வோர் என்றுதான் எண்ணியிருப்பார்கள். நோயாளி ஒன்றைச் சொன்னால், சொல்லும் முறை பாமரமாக இருந்தாலும் உள்ளே ஓர் உண்மை இருக்கக்கூடும். முதலில் கேள், பிறகு மறு என்று மாணவியர்க்கு நான் சொல்வது இதனால்தான்.

இதைக் கேட்டு என் மாணவி ஒருத்தி சினந்தாள். சுயமரியாதைக் குடும்பத்துப் பெண், சூட்டிகையானவள். வலியில் துடித்த ஒரு தாயின் இடுப்புத் தாயத்தைப் பார்த்து, "இதைக் கழற்றி எறியச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "தாயத்து பிள்ளையை வெளியே தள்ளாது, உண்மை. உள்ளே இழுத்துப் பிடிக்கவும் செய்யாது. அதை விட்டுவிடு. அவள் கையைப் பிடித்துக்கொள்" என்றேன். வலிக்கிடையில் மாட்டிக்கொண்டவளிடம் சொற்பொழிவு ஆற்றுவது பகுத்தறிவாகாது; எதிர்த்துப் பேச முடியாதவளிடம் காட்டும் அதிகாரம் அது. மேடை நமக்கு வெளியே இருக்கிறது.

அப்படியானால் எல்லா வழக்கத்துக்கும் தலையாட்டுவதா? மாட்டோம்! பிள்ளை பிறந்த அரை மணியில் ஒரு மாமியார் வந்தார்.

"நர்சம்மா, பால் குடுக்காதீங்க. மூத்த மாமன் வந்து சேனை வைக்கணும். அவன் சாயங்காலம்தான் வருவான்."

"சாயங்காலம் மாமன் வந்து பிள்ளையைக் கொஞ்சட்டும் ஆத்தா. சீனித்தண்ணி மட்டும் வேண்டாம். இந்த மஞ்சப் பால் இருக்கே, இதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து."

"அது கெட்ட பாலு, பீய்ச்சிக் கொட்டிடணும்னு எங்க மாமியா சொல்லுவாங்க."

"கன்னு போட்ட மாட்டுச் சீம்பாலைக் கன்னுக்குக் குடுக்காம கொட்டுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பிள்ளை மார்பில் வாய் வைத்தது. அறிவுரையை விட அவர் வீட்டு மாடே நல்ல வழக்கறிஞர் ஆயிற்று! தீங்கு எவருக்கு என்பதுதான் அளவுகோல். தாயத்தால் தீங்கில்லை, சேனையால் தீங்கு உண்டு.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. மாணவி ஒருத்தியைப் பார்த்து உறவினர் கேட்பார்: "பாப்பா எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" எந்தத் தெரு என்ற கேள்வி எதைத் தோண்டுகிறது என்று தமிழ்நாட்டில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டுமா? அந்தப் பெண் முகம் கறுத்து நின்றாள். "அவள் லேபர் வார்டுத் தெரு, வழிவிடுங்கள்" என்றேன். நோயாளியின் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று ஒழுக்கநெறிப் பாடம் சொல்கிறது. நல்லது, மதிக்கிறோம். ஆனால் தீண்டாமையையும் பண்பாட்டுக் கணக்கில் சேர்த்து நீட்டினால், அந்தக் கணக்கை ஏற்க மாட்டோம்.

படித்தவர் வீட்டு மூடத்தனம் வேறு வகை. 2019–21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்தன. பாட்டியின் பேத்தி பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அதே ஆய்வில் அறுவை முறைப் பிறப்பு 44.9 விழுக்காடு. எல்லாமே பஞ்சாங்கத்தால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை, காரணங்கள் பல. எனினும், சோதிடர் குறித்துக் கொடுத்த நேரத்தாளோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சித்திரையில் பிறக்கக்கூடாதாம், அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டுமாம்! 39 வாரம் நிறையுமுன் காரணமின்றி எடுத்த பிள்ளை மூச்சுக்குத் திணறினால் சோதிடரா வந்து ஆக்சிசன் பிடிப்பார்? மருத்துவத் தாளில் 'நல்ல நேரம்' என்று எழுத இடமில்லை. ஆகவே வேறு காரணம் எழுதப்படும். அதை எழுதச் சொல்லி மாணவியிடம் தாளை நீட்டுவார்கள். நடந்ததை மட்டுமே எழுது என்று நான் கற்பிக்கிறேன். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

மாற்றம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 2017-இல் தொடங்கிய லக்‌ஷயா திட்டம் பேறுகால அறையில் மறைப்பும், துணையும், மரியாதையும் வேண்டும் என்கிறது. 2018-இல் நடுவண் அரசு வகுத்த நெறிமுறை, பயிற்சி பெற்ற மகப்பேற்றுச் செவிலியரைத் தனித் துறையாக வளர்க்க 18 மாதப் பயிற்சியை அமைத்தது. சில இடங்களில் திரை வந்தது. சில இடங்களில் திரைக்கம்பி வந்தது, துணி இன்னும் வரவில்லை.

நான் செய்யக்கூடியதைச் செய்கிறேன். முதல் வெட்டும் முதல் தையலும் பொம்மையிலும் பஞ்சுத் திண்டிலும். ஒரு தாய்க்கு ஒரு மாணவி. வலி தொடங்கியது முதல் பிள்ளை பால் குடிக்கும் வரையில் அவளே உடனிருக்க வேண்டும். உள்பரிசோதனைக்கு முன் தன் பெயரைச் சொல்லி, அவள் பெயரைக் கேட்டு, "நான் படிக்கிற பெண், பார்க்கலாமா அக்கா?" என்று கேட்க வேண்டும். பதிவேட்டின் ஓரத்தில் நானே கோடு போட்டு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: 'ஒப்புதல் கேட்டபோது என்ன சொன்னார்?' சென்ற ஆண்டு சரிபார்த்த ஏடுகளில், "சரி கண்ணு", "மெதுவா பாரும்மா" என்ற விடைகளுக்கு இடையே சில வரிகளில் "வேண்டாம் என்றார், பார்க்கவில்லை" என்று இருந்தது. அந்த வரிகளையும் செய்த பணியாகவே கணக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.