ஒரே சாலையில் மூன்று மைதானங்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஐ-5 என்றொரு நெடுஞ்சாலை ஓடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் அந்தச் சாலையில் வரிசையாக மூன்று ஊர்கள்: வடக்கே எவரெட், நடுவில் சியாட்டல், தெற்கே டக்கோமா. ரவாங், கோலாலம்பூர், சிரம்பான் என்று மனத்தில் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். தூரக் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

மூன்று ஊரிலும் ஒரு பேஸ்பால் மைதானம் உண்டு. மூன்றும் ஒரே கிளப்புடன் பிணைக்கப்பட்டவை. அந்தக் கிளப் சியாட்டல் மரைனர்ஸ். நடுவில் இருப்பது பெரிய அரங்கு. மற்ற இரண்டும் அந்தப் பெரிய அரங்குக்கு ஆளாக்கி அனுப்பும் இடங்கள்.

2025 ஆகஸ்டு மாதம் சியாட்டலில் வேலை செய்யும் என் பெரியம்மா மகன் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கினேன். ஊர் சுற்றிக் காட்டுவார் என்று பார்த்தால், கையில் ஆட்ட அட்டவணையைக் கொடுத்தார். “பெரிய மைதானத்தை யார் வேணும்னாலும் பார்ப்பாங்கம்மா. கீழேருந்து ஆரம்பி. அப்பதான் கதை புரியும்” என்றார்.

ஏழு படிகள்

பள்ளியில் சாப்ட்பால் விளையாடியவர்களுக்கு ஆட்டம் விளங்கிவிடும். விளங்கக் கொஞ்சம் நேரமெடுப்பது ஆட்டக்காரர்கள் மேலேறும் முறைதான்.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 30 கிளப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு ஊர்களில் நான்கு துணைக்குழுக்கள். ஆக 120 ஊர்க்குழுக்கள். இதற்கு மைனர் லீக் என்று பெயர். என் பயணத்தின்போது மரைனர்ஸ் கணக்கில் முதல் படி கலிபோர்னியாவின் மொடெஸ்டோ, இரண்டாவது எவரெட், மூன்றாவது, விமானம் ஏறிப் போக வேண்டிய ஆர்கன்சா, நான்காவது டக்கோமா. அதற்கும் கீழே அரிசோனா பயிற்சித் தளத்திலும் டொமினிக்கன் குடியரசிலும் இரண்டு புதுமுகக் குழுக்கள். உச்சியில் சியாட்டல். எண்ணிப் பார்த்தால் ஏழு படி.

நம் ஊர்க் காற்பந்தில் மாநிலக் குழுவுக்குக் கீழே இளையோர் குழு இருப்பதைப்போல என்று முதலில் நினைத்தேன். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எவரெட் குழுவுக்கு உரிமையாளர் வேறு. டிக்கெட் விற்பது, மைதானத்தைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மரைனர்ஸின் சம்பளத்தில் இருப்பவர்கள். யாரை எப்போது மேலே ஏற்றுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதைச் சியாட்டல்தான் முடிவு செய்யும். எவரெட்காரர்களுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

அதாவது, ஓர் ஊர் தன் குழுவில் மிக நன்றாக ஆடும் பையனை அதிக நாள் வைத்துக்கொள்ள முடியாது. நன்றாக ஆடினால் போய்விடுவான். இதைத் தெரிந்துகொண்டே அந்த ஊர் மக்கள் மாலைதோறும் வந்து கைதட்டுகிறார்கள்.

எவரெட்: தவளையும் ஒரு பித்தளைத் தகடும்

சியாட்டலிலிருந்து ரயிலில் லின்வுட் வரை போய், அங்கிருந்து பேருந்து பிடித்தால் எவரெட். போயிங் நிறுவனத்தின் மாபெரும் விமானத் தொழிற்சாலை இருக்கும் ஊர். குழுவின் பெயர் அக்குவாசாக்ஸ். சின்னம் ஒரு பச்சைத் தவளை. தவளை வேடம் போட்டவர் வாசலிலேயே குழந்தைகளைக் கட்டிக்கொள்கிறார்.

அரங்கில் நாலாயிரம் பேர்கூட உட்கார முடியாது. ஆட்டக்காரர்கள் பத்தடி தூரத்தில் நிற்கிறார்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொரு வயது முகங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் சிறுவர்கள் பந்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். இன்னும் யாருக்கும் தெரியாத கையெழுத்துகள்.

அரங்குக்கு வெளியே நடைபாதையில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். 1987 ஜூன் 17ஆம் தேதி பெல்லிங்ஹாம் குழுவுக்காக ஆட வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன், தொழில்முறை ஆட்டத்தில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தான். அந்தப் பந்து வந்து விழுந்த இடம் அது. அந்தப் பையன் கென் கிரிஃபி ஜூனியர். பின்னாளில் 630 ஹோம் ரன் அடித்து, 2016இல் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானவர். அன்று அவர் எவரெட்டுக்கு எதிரணி ஆள். அப்போது எவரெட் குழுவும் வேறொரு கிளப்பின் துணைக்குழு. ஆனாலும் இந்த ஊர் அந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறது.

என் பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. மடியில் ஸ்கோர் புத்தகம். பல ஆண்டுகள் தம் வீட்டு மாடி அறையில் ஆட்டக்காரர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டாராம். “ஒரே நேரத்தில் மூன்று பையன்கள். குளிர்பெட்டி ஒருநாளும் நிறைந்திருந்ததில்லை” என்று சிரித்தார். 2022 முதல் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு மேஜர் லீக் கிளப்புகளே தங்குமிடம் தர வேண்டும் என்று ஏற்பாடாகிவிட்டது. “அவர்களுக்கு நல்லதுதான், எனக்குத்தான் வீடு காலியாகிவிட்டது” என்றார்.

சம்பளக் கதை

அந்தப் பாட்டி சோறு போட்டதற்குக் காரணம் இருந்தது. எவரெட் படியில் ஆடும் ஒருவருக்கு 2022 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 டாலர்தான் குறைந்தபட்ச ஊதியம். டக்கோமா படியில் 17,500. பருவம் முடிந்தால் கடையில் வேலை, கூரியர் வேலை என்று போனவர்கள் ஏராளம்.

முன்னாள் ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கு 2022இல் 185 மில்லியன் டாலர் இழப்பீட்டுடன் சமரசமானது. அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. எவரெட் படிக்கு 27,300 டாலர், டக்கோமா படிக்கு 35,800 டாலர் என்று உயர்ந்தது. அடுத்த படியான சியாட்டலில் 2025இன் குறைந்தபட்ச ஊதியம் 760,000 டாலர். இருபது மடங்குக்கும் மேல்!

எத்தனை பேர் அந்தப் படியைத் தொடுவார்கள்? அமெரிக்காவுக்குள் ஒரு கிளப் 165 மைனர் லீக் ஆட்டக்காரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். மேலே உள்ள குழுவில் இடம் 26 பேருக்கு. அந்த 26 பேரும் சுலபத்தில் நகர மாட்டார்கள்.

நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரு கதையும் இதில் இருக்கிறது. 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாக இந்தியாவின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் அவர்கள். அந்தக் கதைதான் 2014இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படமானது. படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அதற்குப் பிறகுதான் ஏணி. இருவருமே கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை.

டக்கோமா: கடைசிப் படி

டக்கோமாவின் அரங்குக்குப் பெயர் செனி ஸ்டேடியம். 1960இல் சில மாதங்களிலேயே கட்டி முடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மூடப்பட்ட ஒரு பழைய மைதானத்தின் விளக்குக் கம்பங்களையும் இருக்கைகளையும் கொண்டுவந்து பொருத்தினார்கள். வானம் தெளிவாக இருந்தால் பனி மூடிய ரெய்னியர் மலை தெரியும். குழுவின் பெயரும் ரெய்னியர்ஸ்.

அரங்கு எழ முன்நின்றவர் மர வியாபாரி பென் செனி. இன்று அவர் பார்வையாளர் வரிசையில் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஆட்டம் பார்க்கலாம்.

எவரெட்டில் இருந்த சிரிப்பு இங்கே குறைவு. ஆட்டக்காரர்களுக்கு வயது கூடுதல். சியாட்டல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் பலர். யாருக்காவது காயம் என்றால் இரவோடு இரவாக அழைப்பு வரும். ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். நான் ஒரு வானொலிக்காரி என்பதால் கண் ஒலிபரப்பு அறைப் பக்கமே போனது. மைக் கர்ட்டோ என்பவர் 1999 முதல் இந்தக் குழுவின் குரல். எத்தனை பேர் மேலே போவதையும் கீழே வருவதையும் அவர் சொல்லியிருப்பார்!

அன்று கேட்சர் இடத்தில் ஹாரி ஃபோர்டு. அண்ணன் நான்கு ஆண்டுகளாகப் பின்தொடரும் பையன். பெற்றோர் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள், பிறந்தது அட்லாண்டாவில். 2021 தேர்வில் மரைனர்ஸ் எடுத்த முதல் ஆள். 2022 மொடெஸ்டோ, 2023 எவரெட், 2024 ஆர்கன்சா, 2025 டக்கோமா. ஆண்டுக்கு ஒரு படி, தவறாமல்.

“அப்படின்னா அடுத்த வருஷம் சியாட்டலா அண்ணா?” என்று கேட்டேன்.

“அங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரேம்மா” என்றார்.

சியாட்டல்: காலியான நாற்காலி

அந்த ‘ஒருத்தர்’ கால் ராலி. அவரும் இதே சாலையில் வந்தவர்தான். 2018இல் எவரெட், 2021இல் டக்கோமா. 2022இல் அவர் அடித்த ஒரு ஹோம் ரன்தான் மரைனர்ஸின் இருபது ஆண்டுக்கும் மேலான காத்திருப்பை முடித்து, இறுதிச் சுற்றுகளுக்கு அனுப்பியது. 2025இல் 60 ஹோம் ரன். கேட்சர் ஒருவர் ஒரு பருவத்தில் இத்தனை அடித்ததே இல்லை.

டி-மொபைல் பார்க் அரங்கில் ஏறக்குறைய 48,000 பேர் உட்காரலாம். மழை வந்தால் நகரும் கூரை குடைபோல மேலே வந்து நிற்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயில்கள் ஊதிவிட்டுப் போகின்றன. பூண்டு தூவிய உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினேன். பக்கத்துக் கடையில் வறுத்த வெட்டுக்கிளி. அதை அண்ணனிடம் விட்டுவிட்டேன்.

நான் அதிக நேரம் நின்றது மரைனர்ஸின் முதல் பருவமான 1977 முதல், 2010இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் ஆட்டங்களை வானொலியில் சொன்ன டேவ் நீஹாஸின் சிலை முன்னால். மேசை, ஒலிவாங்கி, ஸ்கோர் புத்தகம் எல்லாம் வெண்கலத்தில். பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன். மேஜர் லீக்கின் 30 கிளப்புகளில் உலகத் தொடர் இறுதியைத் தொடாத ஒரே கிளப் மரைனர்ஸ். தான் சொல்ல விரும்பிய அந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லாமலேயே அந்த மனிதர் போய்விட்டார். 2025 அக்டோபரிலும் ஒரே ஓர் ஆட்டம் குறைந்தது. டொராண்டோவுடனான தொடரில் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள்.

அதற்குப் பிறகு

செப்டம்பரில் ஹாரி ஃபோர்டுக்கு அழைப்பு வந்தது. சியாட்டல் சீருடையில் அவர் நிற்கும் படத்தை அண்ணன் புலனத்தில் அனுப்பியிருந்தார். டிசம்பரில் இன்னொரு செய்தி. பந்தெறிபவர் ஒருவருக்கு மாற்றாக மரைனர்ஸ் அவரை வாஷிங்டன் நேஷனல்ஸ் கிளப்புக்குக் கொடுத்துவிட்டது. கால் ராலி இருக்கும் இடத்தில் இன்னொரு நல்ல கேட்சருக்கு வேலை இல்லை.

அண்ணன் கோபமாக இருப்பார் என்று அழைத்துப் பேசினேன். “அவனுக்கு அங்க இடம் இருக்கும்மா. இங்க உட்கார்ந்தே வயசாகியிருக்கும். இனிமே நேஷனல்ஸ் ஆட்டமும் பார்க்கணும், அவ்வளவுதான்” என்றார். எவரெட் பாட்டியும் ஸ்கோர் புத்தகத்தில் அந்தப் பெயரைத் தேடியிருப்பார் என்று தோன்றியது.

ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, ஊர்களும் இந்த ஏணியில் விழுகின்றன. 2020 வரை 160 துணைக்குழுக்கள் இருந்தன. அடுத்த ஆண்டே 120 ஆக்கினார்கள். 2025 பருவத்தோடு மொடெஸ்டோவும் தன் குழுவை இழந்தது. அந்தப் படி சான் பெர்னார்டினோவுக்கு மாறியது. மைதானங்களுக்கு மேஜர் லீக் விதித்த புதிய தரத்தை எட்ட எவரெட்டின் பழைய அரங்கால் முடியாது. 2024 இறுதியில் நகரமன்றம் ஊர் மையத்தில் புதிய அரங்குக்கான இடத்தைத் தெரிவு செய்தது. செலவு பெரிது. ஆனால் தவளையைத் தக்கவைக்க வேறு வழி இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பருவம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை. எவரெட்டில் பொதுவாகச் செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஆறு நாளும் ஒரே எதிரணியுடன் ஆட்டம், திங்கள் ஓய்வு. கோடையிலும் இரவில் குளிரும், மேல்சட்டை கட்டாயம். முதலில் எவரெட், பிறகு டக்கோமா, கடைசியில் சியாட்டல் என்று போங்கள். எவரெட்டில் உங்களுக்குப் பிடித்த ஒரு பையனின் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பிறகும் அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.