பந்தயத்துக்குப் போகும் பழைய எம்ஜிபி

தேய்மானம் என்றதும் பி.காம். மாணவர் பேரேட்டைத் திறப்பார்; மெக்கானிக் மைக்ரோமீட்டரை எடுப்பார். முதலாமவருக்கு அது ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று காகிதத்தில் கழிக்கிற தொகை. இரண்டாமவருக்கு அது சிலிண்டரின் மேல்பகுதியில், பிஸ்டன் ரிங் நின்று திரும்புகிற இடத்தில், விரல் நகத்தில் தட்டுப்படும் ஒரு சின்ன விளிம்பு. 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இன்று ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இந்த இரண்டு கணக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

எம்ஜிபி காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. ஃபெராரி மாதிரி சொத்தை விற்று வாங்க வேண்டியதில்லை, உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பிரிட்டனின் பழைய கார் பந்தயங்களில் இதை அடிக்கடி பார்க்க முடிவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் இதன் இன்ஜின் பந்தயத்துக்கென்று பிறந்ததல்ல. இதே 'பி சீரிஸ்' குடும்பத்து இன்ஜின்தான் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற சாதுவான குடும்பக் கார்களிலும் ஓடியது. நான்கு சிலிண்டர், 1798 சிசி, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. நிமிடத்துக்கு 5400 சுற்றில் சுமார் 95 குதிரைத்திறன். அவ்வளவுதான்.

அந்த இன்ஜினை வைத்துக்கொண்டு 1963இல் எம்ஜிபி லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனது. ஆரம்பத்திலேயே மணலில் புதைந்துவிட்டது! ஓட்டுநர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மண்ணைத் தோண்டி காரை வெளியே எடுத்தார். அத்தனை நேரத்தை இழந்தும் 12ஆவது இடத்தில் முடித்து, தன் பிரிவில் வென்றது. மற்ற கார்கள் பல உடைந்து நின்றபோது இது நிற்கவில்லை என்பதே விஷயம்.

இன்று இன்ஜினை இறக்கிப் பிரிக்கிறவர்கள் பலரும் மறப்பது இதைத்தான். பெரிய கார்புரேட்டர், முரட்டு கேம்ஷாஃப்ட், பளபளக்கும் எக்ஸாஸ்ட் என்று மேலே தெரிகிற சாமான்களில் முதலில் பணம் போகிறது. அடியில் என்ன நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த இன்ஜினில் பிஸ்டன் ஒரு முறை ஏறும் தூரம் 88.9 மில்லிமீட்டர். 5400 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டர். 7000 சுற்றுக்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட 21 மீட்டர். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் மேலே போன பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுக்கும் விசை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுற்று 30 சதவீதம் கூடும்போது கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும் தாங்க வேண்டிய இழுப்பு 68 சதவீதம் கூடிவிடுகிறது. அறுபது வருடப் பழைய போல்ட் அதைத் தாங்குமா? புது போல்ட் போடாமல் மிச்சம் பிடித்த காசு, பிளாக்கைத் துளைத்துக்கொண்டு ராட் வெளியே வரும்போது வட்டியோடு போய்விடும்.

ஆகவே வேலை கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் எம்ஜிபிகளில் கிராங்க்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். 1964 இறுதியிலிருந்து ஐந்து. பந்தயத்துக்கு ஐந்து உள்ளதே நிம்மதி. கிராங்க்கை காந்தத் துகள் போட்டு விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அரைத்து, ராடுகளையும் பிஸ்டன்களையும் எடைபோட்டுச் சமமாக்கி, கிராங்க்கை ஃபிளைவீலோடு பேலன்ஸ் செய்வார்கள். (ஐந்தொகை டேலி ஆகாவிட்டால் தூக்கம்தான் போகும். இது டேலி ஆகாவிட்டால் இன்ஜினே போகும்.) பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே விடும் இடைவெளி, விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு. எண்ணெய் நிற்கிற இடமே அதுதான்.

எண்ணெய் என்றதும் சம்ப்பையும் சொல்லியாக வேண்டும். சாலையில் போகும்போது எண்ணெய் சம்ப்பில் சமமாக நிற்கும். டிராக்கின் நீண்ட வளைவில் அது ஒரு பக்கமாக ஏறிவிடும்; பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் சாக சில நொடிகள் போதும். இதற்கு மருந்து சம்ப்புக்குள் பற்றவைக்கும் தடுப்புத் தகடு. மொத்த வேலையிலும் மலிவான சாமான் அநேகமாக இதுதான், இதைத்தான் யாரும் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படுவதில்லை.

இப்போது ஹெட். நான்கு சிலிண்டருக்கு உள்ளே போகும் வழி இரண்டே இரண்டு. முதலும் இரண்டாவதும் ஒரு வாசலைப் பகிர்கின்றன, மூன்றாவதும் நான்காவதும் இன்னொன்றை. வெடிக்கும் வரிசை 1-3-4-2. அப்படியென்றால் ஒரே வாசலில் இரண்டாவது சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் முன்பே முதலாவது உறிஞ்சத் தொடங்கும். அதன் பிறகு வாசல் நீண்ட நேரம் சும்மா கிடக்கும். ஒரே குழாயடியில் அடுத்தடுத்து இரண்டு குடம் வைத்தால் நடப்பதுதான் இங்கேயும்! வாசலை எவ்வளவு அகலமாகக் குடைந்தாலும் இந்தப் பங்காளிச் சண்டை முழுசாகத் தீராது. மிதமான கேம் போட்டு, நடுச் சுற்றுகளில் நன்றாக இழுக்கும்படி அமைப்பதே புத்திசாலித்தனம். ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 2000இல் நின்றுபோனதால், எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான உலோக வளையம் பதிப்பதும் கட்டாயச் செலவு.

மனசு தடுமாறுவது பிளாக்கில்தான். சிலிண்டர் விட்டம் 80.26 மில்லிமீட்டர். தேய்ந்ததை போர் அடித்துப் பெரிதாக்கலாம். ஆயிரத்தில் 40 அங்குலம் கூட்டினால் 1845 சிசி, 60 கூட்டினால் 1868. கொள்ளளவு கூடுகிறதே என்று நேராக 60க்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் சுவர் மெலிந்துகொண்டே போகிறது, சூடு ஏறுகிறது, அடுத்த முறை எடுக்க இரும்பு இருக்காது. லைனர் போட்டுக் காப்பாற்றலாம்தான், அது தனிச் செலவு. இந்தத் தேய்மானத்தை எந்தப் பேரேட்டிலும் திருப்பி எழுத முடியாது.

போதாததற்கு அந்த பிளாக்கோடு ஒரு எண்ணும் இருக்கிறது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் உள்ளன. கார் எந்த இன்ஜின் எண்ணோடு வெளியே வந்தது என்று சான்றிதழே வாங்கலாம். எண் பொருந்தினால் காருக்கு மதிப்பு. அதே பிளாக்கைப் பந்தயத்தில் உடைத்தால்? காரோடு பிறந்த பிளாக்குக்கு எண்ணெய் பூசி, துணி சுற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டு, வேறு ஒரு ஐந்து பேரிங் பிளாக்கைத் தேடிப் பிடித்துப் பந்தய இன்ஜின் கட்டுவதே சரி. செலவு கூடும்தான். ஆனால் சேமிப்புக் கணக்கில் இருப்பதை எடுத்து யாரும் சூதாடுவதில்லை.

பூட்டி முடித்ததும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் முள்ளில் தெரியும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிட வேண்டும். பிறகு உயிர் கொடுத்ததும் ஐடிலில் விடாமல் 2000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம். மெதுவாக ஓடினால் கிராங்க் வாரியடிக்கும் எண்ணெய் கேம்ஷாஃப்டுக்குப் போதாது. புதுக் கேம் முதல் நாளே தேய்ந்துவிடும். எண்ணெயிலும் துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைக் குறைத்துவிட்டார்கள் என்பதால், பழைய இன்ஜின்களுக்கென்று தனியாக விற்பதைத் தேடி வாங்குகிறார்கள்.

இருபது நிமிடம் முடிந்ததும் இன்ஜினை அணைத்து, எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்பு மடிப்பாக விரித்து விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார்கள், எங்காவது மினுக்குகிறதா என்று.