மூன்று உயரத்தில் ஒரு குடும்பம்

லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் பாதையில் நடப்பவர்கள் உள்ளூர் நகராட்சியிடம் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். கும்பு பாசங்லாமு காவுன்பாலிகா என்று அதில் அச்சிட்டிருக்கும். 2017இல் நேபாளம் உள்ளாட்சியைத் திருத்தியமைத்தபோது உருவான ஊரக நகராட்சிகளில் ஒன்று இது. 1993 ஏப்ரலில் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண் பாசங் லாமு ஷெர்பா. இறங்கும் வழியில் இறந்துபோனார். நகராட்சிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்குள்ள ஊர்களில் நாம்சேயை வேண்டுமானால் கடைத்தெரு என்று சொல்லலாம். மற்றவை கும்ஜுங், குண்டே, தாமே, போர்ட்சே, பாங்போச்சே என்று மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்கள். நாம்சேக்கும் அதற்கு மேலேயும் சாலை கிடையாது. அரிசி மூட்டையும் கூரைத் தகரமும் ஆள் முதுகில் ஏறுகின்றன, இல்லையென்றால் யாக் முதுகில்.

கும்ஜுங்கில், 3,790 மீட்டர் உயரத்தில், நான் தங்கிய விடுதியை நடத்திய தீதி (அக்கா) உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்கான கிழங்கை மண்ணில் குழிவெட்டிப் புதைத்து வைப்பார்கள். அன்றிரவு அதையே அரைத்து, தோசைபோல் கல்லில் வார்த்து, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். ரிகிகுர் என்று பெயர். இரண்டு நாள் நடையில் 4,410 மீட்டரில் இருக்கும் திங்போச்சேயிலும் அவருக்கு ஒரு வீடு. அங்கே ஓடைநீர் பாய்ச்சிப் பார்லி விளைவிக்கிறார்கள். அதற்கும் மேலே, மாமனார் காலத்து மேய்ச்சல் குடிசை.

வரைபடம் இவற்றைத் தனித்தனி ஊர்களாகக் காட்டுகிறது. நடந்து பார்த்தால், ஒரே குடும்பத்தின் சமையலறையிலிருந்து களத்துக்குப் போவதுபோலத்தான் இருக்கிறது. கோடையில் மந்தையோடு மேலே, பனி இறங்கும்போது கீழே, அதற்கேற்பவே வீடுகள். எப்போது ஏறுவது என்பதை அவரவர் முடிவு செய்வதில்லை. ஊர் தேர்ந்தெடுக்கும் நாவா என்ற காவலர் நாள் குறிப்பார். அந்த நாளுக்குப் பிறகு ஊருக்குள் மாடு நின்றால் அபராதம். பயிர் பிழைக்கும், குளிர்காலத்துக்குப் புல்லும் மிஞ்சும். எந்த அரசாங்கமும் எழுதிக்கொடுக்காத இந்தச் சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது திங்போச்சேயிலும் பெரிச்சேயிலும் மேய்ச்சல் குடிசைகள் இருந்த இடமெல்லாம் விடுதிகள். அதனால் வந்த வருமானத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் காத்மாண்டுவில் படிப்பது அதில்தான். ஆனால் மந்தை குறையக் குறைய, புல்லையும் சரிவையும் ஆண்டு முழுக்கக் கவனிக்கும் கண்களும் குறைகின்றன. தாமேயில் நடந்ததை நினைக்கும்போது அதுதான் எனக்குக் கவலை.

தாமே, டென்சிங் நோர்கே வளர்ந்த ஊர். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலேயிருந்த பனிப்பாறை ஏரிகள் உடைந்து, அவ்வூர் மந்தைகள் மேயும் பள்ளத்தாக்கு வழியாகவே வெள்ளம் வந்தது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், பல வீடுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை. பெரிய ஏரிகளை ஆராய்ச்சியாளர்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் உடைந்தவை சிறியவை. அந்த மேட்டில் கோடையெல்லாம் யாக் மேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஏரி இந்த வருடம் பெருத்தது, எந்தக் கரை கசிகிறது என்று சொல்ல அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நகராட்சி அமர்த்த வேண்டும். நாம் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்கே போகட்டும்.