பழைய பொறியும் புதிய தட்டும்

பெரியகுளத்திற்கு அணித்தாயுள்ள வடுகபட்டி, பூண்டு வாணிகத்திற்குப் பெயர்போனது. மூட்டைகளின் காரமணம் வீசும் அவ்வூர்த் தெருவொன்றிலே எம் இல்லமுள்ளது. எம் தந்தையார் 1996ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறியொன்று அங்கே இன்றும் இயங்கி வருகின்றது. பள்ளியாசிரியராயிருந்த அவர், பல்லாண்டு சேமித்த பொருளைக் கொண்டு வாங்கியது அது. காலஞ்சென்ற எம் அன்னையார் நாடோறும் அதன்மீதுள்ள தூசியைத் துடைத்து, மாலையில் அவருடனமர்ந்து பாட்டுத் தட்டுகளைக் கேட்பது வழக்கம்.

சென்ற ஆண்டு, அன்னையார் தாலாட்டுப் பாடிய ஒலிநாடா ஒன்று பெட்டியடியிற் கிடைத்தது. அது மிகவும் நைந்திருந்தமையால், ஒருமுறையே ஓடவிட்டு, அவ்வொலியை என் கணிப்பொறியிற் சேர்த்துக்கொண்டேன். கைப்பேசியிற் கேட்பிக்க முயன்றபோது, எண்பது வயதான தந்தையார் கையமர்த்தி, "தம்பி, அவள் பாட்டை அவள் துடைத்த பொறியிலே கேட்க வேண்டும்" என்றார். அச் சொல்லை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில், அழித்தழித்து எழுதத்தக்க தட்டொன்றிற் பதித்துக் கொடுத்தேன். பொறி அதனைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, தட்டேயில்லை என்று கூறிவிட்டது. "எனக்குக் கண் மங்கியதுபோல இதற்கும் மங்கிற்றோ?" என்று தந்தையார் நகைத்தார். அந்நகையில் வருத்தமும் கலந்திருந்தது.

உண்மையும் ஏறக்குறைய அதுவே. குறுந்தட்டின்மீது ஒளிக்கதிர் விழுந்து மீளும் அளவைக் கொண்டே பொறி அதனைப் படிக்கின்றது. ஆலையில் அச்சிட்ட தட்டு, விழும் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கிற்குக் குறையாமல் மீட்டனுப்பும். அழித்தெழுதும் தட்டோ 15 முதல் 25 பங்கே அனுப்பும். அவ்வகைத் தட்டுகள் 1997ஆம் ஆண்டளவிலேயே கடைகளுக்கு வந்தன. அவற்றிற்கு முன் பிறந்த பொறி அம்மங்கலொளியை எங்ஙனம் அறியும்?

ஆதலின், ஒருமுறை மட்டும் எழுதத்தக்க தட்டினை நாடினேன். சாயம் பூசிய அத் தட்டு, ஏறத்தாழ அச்சுத் தட்டையொத்தே ஒளியை மீட்டனுப்பும். ஆயினும் அதுவும் பயன்படவில்லை. ஆராய்ந்தபோது பிழை என்னுடையதென்று கண்டேன். பின்னர் வேறு பாட்டுகளையும் சேர்க்கலாமென்றெண்ணி, தட்டினை முடித்து மூடாது விட்டிருந்தேன். மூடிய பின்னரே அதன் உள்வட்டத்திற் பொருளட்டவணை எழுதப்படும். அட்டவணையில்லாத் தட்டினைப் பழைய பொறி வெறுந்தட்டென்றே கொள்ளும்.

மூன்றாந் தட்டினைக் குறைந்த வேகத்தில், ஒரே ஓட்டமாக எழுதி முடித்து மூடினேன். பொறி சற்றே முனகியது. பின்பு அன்னையாரின் குரல் எழுந்தது. பாட்டினிடையே, என்றோ தெருவிற் சென்ற மாட்டுவண்டியின் மணியொலியும் கேட்டது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், தம் மேல்துண்டினாற் பொறியின் தூசியை மெல்லத் துடைத்தார்.

மாணவ நண்பர்களே! முதுமையுற்றவை நம் சொல்லைக் கேளாதபோது, பழுது அவற்றினிடத்தே உள்ளதென்று துணிதல் எளிது. அவை அறிந்த முறையில் நாம் சொன்னோமா என்று ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று.